தங்கம் தெரிந்தது, எழுத்துதான் தெரியவில்லை

கேள்வி: விமான நிலையத்தில் தங்கத்தோடு பிடிபட்டவரைக் காஃபிபோசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் உள்ளே தள்ளுகிறார்கள். சில மாதத்தில் ஹைகோர்ட் விடுவித்துவிடுகிறது. அப்படியென்றால் அவர் கடத்தவே இல்லையா? (வாசகர், திருச்சி)

பதில்: அதை அங்கே யார் கேட்டார்கள்? 1974-இல் வந்த அந்தச் சட்டம் செய்த கடத்தலுக்குத் தண்டனை தருவதில்லை. இனிமேலும் செய்வாரோ என்ற சந்தேகத்துக்காகப் பொதுவாக ஓராண்டு வரை அடைத்து வைக்கும். விசாரணை கிடையாது, காவலைப் பரிசீலிக்கும் ஆலோசனைக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும் கிடையாது. பதிலுக்கு அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு கேட்பது கொஞ்சம்தான்: ஏன் பிடித்தோம் என்று சொல், அவர் மறுத்து எழுதினால் தாமதிக்காமல் படித்துப் பார். காரணங்களைக் கொடுக்கக் காஃபிபோசா தரும் கெடு 5 நாள், ரொம்ப அவசியமானால் 15 நாள். இதில்தான் கோட்டை விடுகிறார்கள். பேஸ்ட்டாக்கி உள்ளாடையில் மறைத்த தங்கத்தைக் கண்டுபிடிக்கிற அரசாங்கத்துக்கு, கைதிக்குத் தரவேண்டிய ஆவணங்களை எழுத்து தெரிகிற மாதிரி ஒரு ஜெராக்ஸ் எடுக்க வருவதில்லை! கைதியின் மனுவோ மேஜைக்கு மேஜை தூங்கி வழியும். ஆட்கொணர்வு மனுவில் நீதிபதிகள் பெரும்பாலும் பார்ப்பது அந்த ஜெராக்ஸையும் தேதிகளையும்தான். சுங்க வழக்கு அதுபாட்டுக்குத் தனியாக நடக்கும். ஆள் வெளியே வந்தாலும், தங்கம் உள்ளேதான்.