துணி சிவந்தா சொல்லுடா

உறவுக்காரர்களிடம் எனக்கு ஒரே அறிமுகம்தான்: ‘ஏரோப்ளேனுக்குப் பஞ்சர் ஒட்டுறவர்.’ எரிச்சலாக இருந்தாலும் பொய் என்று சொல்ல முடியாது. 1978 மாடல் வரை வந்த செஸ்னா 182 விமானங்களில், இறக்கைக்குள் பெட்ரோல் இருந்தது ரப்பர் பையில். பிளாடர் என்போம். செயற்கை ரப்பர் பூசிய துணி, அவ்வளவுதான். அழுத்துப் பொத்தான்களில் உள்ளே தொங்கும். பெட்ரோலில் ஊறிக்கொண்டிருக்கும்வரை மெத்தென்று இருக்கும், காலியாகக் கிடந்தால் காய்ந்து வெடித்துவிடும். அதனால் நாள்கணக்கில் காலியாக வைப்பதென்றால் உட்புறம் எஞ்சின் ஆயில் தடவ வேண்டும். தடவாமல் விட்ட முதலாளிகளால்தான் எங்களுக்குப் பிழைப்பு ஓடியது.

இறக்கையின் அடியில் நீலக்கறை படர்ந்தால் பை ஒழுகுகிறது என்று பொருள். கழற்றிய பையின் வாய்களையெல்லாம் அடைத்து, உள்ளே அம்மோனியா நனைத்த துணியைப் போட்டு, பை லேசாக உப்பும் அளவுக்கு மட்டும் காற்று விடுவோம். வெளியே பினால்ஃப்தலீனில் தோய்த்த வெள்ளைத் துணியைப் போர்த்துவோம். அம்மோனியா கசியும் இடத்தில் துணி சிவக்கும்.

“துணி சிவந்தா சொல்லுடா” என்று ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார் ஃபோர்மேன்.

“இன்னும் இல்லண்ணே.”

“வலது மூலையப் பாரு. வாடை அங்கேர்ந்துதான் வருது.”

மூலை சிவக்கும். பினால்ஃப்தலீன் எதற்கு, இவர் மூக்கே போதாதா என்று தோன்றும்.

அதன்பிறகுதான் அவர் எழுந்து வருவார். பளபளப்பு போகும்வரை எமரித் தாளால் தேய்க்க வேண்டும், உள்துணி தெரிந்துவிடக் கூடாது. எம்.இ.கே. கரைப்பானால் துடைத்து, சிமென்ட் எனப்படும் ரப்பர் பசையை ஒரு பூச்சு, அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு. ஒட்டுத்துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டி, ஓரங்களைச் சீவி மெலிதாக்கியிருப்பார். கூர்மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சின்ன உருளையால் காற்றைத் துரத்திக்கொண்டே போவார். ஒரு கொப்புளம் தெரிந்தாலும் பிய்த்துவிட்டு முதலிலிருந்து. ஒட்டி முடித்த பையை 72 மணி நேரம் யாரும் தொடக் கூடாது. மறுநாளே முதலாளி போன் செய்வார். “ஒட்டியாச்சுல்ல, அப்புறம் என்ன?” ஃபோர்மேன் ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

இவ்வளவையும் வெறும் கையோடு, முகமூடி இல்லாமல்தான் செய்தோம். எங்கள் காலத்துக் கைப்பக்குவம் என்று இப்போது மார்தட்டுகிறோமே, அதில் பாதி எம்.இ.கே. கொடுத்த கிறக்கம். ஆஸ்திரேலிய விமானப்படையின் ஆம்பர்லி தளத்தில், எஃப்-111 விமானங்களின் எரிபொருள் தொட்டிக்குள் புகுந்து பழைய அடைப்புப்பசையைச் சுரண்டிப் புதிதாகப் பூசியவர்களில் பலர் நோயாளிகளானார்கள். 2001-இல் விசாரணை அறிக்கையே வந்தது. அதைப் படித்தபின் பழம்பெருமை பேசும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன்.

இப்போது ஆலோசகர் என்ற பெயரில் அவ்வப்போது ஹேங்கர் பக்கம் போகிறேன். முகமூடி, கையுறை, வாயுமானி, அனுமதிச் சீட்டு எல்லாம் உண்டு. நல்லதுதான். ஒட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. பசை டப்பாவுக்குக் காலாவதித் தேதி, ஒட்டும் பட்டறைக்குத் தனி அங்கீகாரம், ஒட்டுக்குச் சான்றிதழ், சான்றிதழுக்கு நகல். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அமெரிக்காவிலிருந்து புதுப் பை வரவழைப்பதே சுலபம். பழையதற்குச் சிவப்புச் சீட்டு கட்டி, மறுபடி யாரும் மாட்டிவிடாதபடி வெட்டிப் போடுகிறார்கள். வெட்டிய பைகளில் ஒன்றைப் பார்த்தேன். விரற்கடை நீளக் கிழிசல்.

புதுப் பை என்றால் கவலை தீர்ந்தது என்றும் இல்லை. மாட்டும்போது அடியில் சுருக்கம் விழுந்தால் அதன் பின்னால் தண்ணீர் தேங்கும், வடிகாலுக்கு வராது. பறக்கும்போது எஞ்சினுக்குப் போய்ச் சேரும். 1984-இல் அமெரிக்க விமானத் துறை உத்தரவு போட்டது: சுருக்கங்களைச் சரிசெய், இல்லையேல் புறப்படும் முன் வாலைத் தாழ்த்தி, இறக்கைகளை மேலும் கீழும் ஆட்டித் தண்ணீரை வடிகட்டு. லட்சக்கணக்கில் விலையுள்ள விமானத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கும் பைலட்டைப் பார்த்தால் புது ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் ஃபோர்மேன் உள்ளே கை விட்டுச் சுருக்கத்தை நீவிவிடாமல் மூடியைப் போடவே மாட்டார்.

போன மே மாதம் ஒரு புதுப் பை வந்தது. அக்னி நட்சத்திரம், ஹேங்கர் தகரக் கூரை, சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. பெட்டியைப் பிரித்த இளம் பொறியாளர் சரிபார்ப்புத் தாளோடு நின்றுகொண்டிருந்தார். குளிரில் ரப்பர் விறைத்து வெடிக்கும் என்பதால், பை சுமார் 15 டிகிரிக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மடிக்க வேண்டும்.

“தொட்டுப் பாருங்க தம்பி, சுடுது.”

“அளவு எழுதணும் சார். தெர்மாமீட்டரோட காலிப்ரேஷன் கெடு போன வாரமே முடிஞ்சிருச்சு. அனுப்பியிருக்கோம், வந்ததும் மாட்டிடலாம்.”