ரெண்டு வரி வித்தியாசம்

மென்பொருள் அலுவலகம் ஒவ்வொன்றிலும் ஒருவர் இருப்பார். டூலை அப்கிரேட் செய்த மறுநாள், புதிதாக என்ன வந்திருக்கிறது என்று மற்றவர்கள் துழாவிக்கொண்டிருக்க, இவர் மட்டும் டேட்டாபேஸ் ஃபைலின் பழைய பிரதியையும் புதிய பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிஃப் பார்ப்பார். ஒரு சிவப்பு வரி, ஒரு பச்சை வரி. உடனே குரல் தாழ்ந்துவிடும். மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து குழுவில் ஸ்கிரீன்ஷாட் விழும், வட்டம் போட்டு, அம்புக்குறியோடு. "டேபிளை யாரு தொட்டது?" யாரும் தொடவில்லை, டூலை மட்டும்தான் மாற்றினோம் என்று பதில் போனால், "அதத்தான் கேக்கறேன், யாரும் தொடாம எப்படி மாறும்?" என்பார். கேட்பவருக்கு ஒரு கணம் நியாயமாகவே படும். ஃபைல் மாறினால் உள்ளே ஏதோ கெட்டுப்போயிற்று, மாறவில்லையென்றால் எல்லாம் நலம் என்பது இவருடைய சித்தாந்தம். அதன் இரண்டு பாதியும் தவறு.

முதல் பாதியை எடுத்துக்கொள்வோம். எஸ்கியூலைட் ஃபைலின் முதல் 100 பைட்டுகள் அதன் முகப்பு. அதில் 24-ஆம் இடத்தில் ஒரு எண்ணி இருக்கிறது. வழக்கமாக ஃபைலில் எதை எழுதினாலும் அது ஏறும். 96-ஆம் இடத்தில், கடைசியாக எழுதிய எஸ்கியூலைட்டின் பதிப்பு எண் உட்கார்ந்திருக்கும்: 3.45.1 என்றால் 3045001. டூல் தனக்குள் புதிய எஸ்கியூலைட்டை வைத்துக்கொண்டு வந்து ஒரு வரியை எழுதினால் போதும், அந்த எண் மாறிவிடும். நம்மவர் கண்ணில் அது கன்னக்கோல் தடம். மைஎஸ்கியூஎல் 8.0.19 வந்தபோது இவருக்குத் தீபாவளி. அதுவரை டேபிள் விவரத்தில் இன்ட்(11) என்று காட்டிக்கொண்டிருந்த இடமெல்லாம் வெறும் இன்ட் ஆகிவிட்டது. பதினொன்று எங்கே போயிற்று? நம்பர் சுருங்கிவிட்டதா? அந்தப் பதினொன்று என்றைக்குமே எண்ணின் அளவைச் சொன்னதில்லை, திரையில் காட்டும் அகலத்தை மட்டும் சொன்னது. நெடுவரிசை முன்பும் 4 பைட், இப்போதும் 4 பைட். இதை விளக்கினால் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். பிறகு, "இருந்தாலும் ஒரு டிக்கெட் போட்டு வைப்போம்" என்பார்.

ஜாக்கிரதையாக இருக்கும் மனிதரைக் கேலி செய்யலாமா என்று கேட்பீர்கள். டேட்டா போனால் திரும்பி வராது, பத்து பொய் அலாரத்துக்கு நடுவே ஒன்று மெய்யாக இருந்தால் போதாதா? நல்ல கேள்விதான். ஆனால் அவர் அலாரம் அடிக்கும் திசையைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் போஸ்ட்கிரெஸ் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டது. அதற்குப் பிறகு டேட்டாபேஸை எழுத்து வடிவில் டம்ப் எடுத்தால் தலையில் ரெஸ்ட்ரிக்ட் என்றும், வாலில் அன்ரெஸ்ட்ரிக்ட் என்றும் இரண்டு வரிகள் வரும். கூடவே புரியாத எழுத்துக் குவியல் ஒன்று, ஒவ்வொரு முறையும் வேறு வேறாக. டேபிளில் துரும்பு அசையாவிட்டாலும் தினமும் டிஃப் வந்துகொண்டேயிருக்கும். வித்தியாசக்காரருக்கு இதைவிடப் பெரிய கொடுமை உண்டா? உடனே அவர் சொல்லும் வைத்தியம், பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்பது. அந்த இரண்டு வரிகள்தான் மருந்து. விஷமி ஒருவர் டம்ப்புக்குள் கட்டளைகளைச் செருகி, அதை மீட்டெடுப்பவரின் கணினியில் ஓட வைக்க முடியும் என்ற ஓட்டையை அடைக்கத்தான் அவை வந்தன. டிஃப் தொந்தரவு செய்தால் எழுத்துக் குவியலை நாமே நிலையாகக் கொடுத்துவிட வழியும் உண்டு. ஆக, வரிகளைப் பார்த்தவர் அவை என்ன சொல்கின்றன என்று வாசிக்கவில்லை.

சித்தாந்தத்தின் இரண்டாம் பாதிதான் உண்மையில் ஆபத்தானது. 2018 ஆகஸ்டில் ஜிலிப்சி 2.28 வந்தது, லினக்ஸில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை வைத்திருக்கும் நூலகம் இது. அமெரிக்க ஆங்கில வரிசையில் அதுவரை "11" முன்னும் "1-1" பின்னுமாக நின்றவை, அந்தப் பதிப்பில் இடம் மாறிக்கொண்டன. பழைய வரிசைப்படி கட்டிய போஸ்ட்கிரெஸ் இண்டெக்ஸில் புதிய விதியோடு தேடினால் தேடல் தவறான கிளைக்குப் போகும். இருக்கும் பெயரை இல்லை என்று சொல்லும். இல்லை என்று நம்பி, ஒரே ஒரு முறைதான் வரவேண்டிய பெயரை இரண்டாம் முறையும் ஏற்றுக்கொள்ளும். புதிய ஜிலிப்சியோடு வரும் ஓஎஸ்ஸுக்கு சர்வரை மாற்றிய அன்று டேட்டாபேஸ் ஃபைலில் ஒரு பைட்கூட மாறியிருக்காது. டிஃப் காலி. வித்தியாசக்காரர் அன்று நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார். வாசல் கோலம் கலையவில்லை என்று சரிபார்த்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டவர் மாதிரி.

அப்படியானால் சின்ன வித்தியாசங்களைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடலாமா? கூடாது. டிஃப்பை மேலிருந்து கீழே ஒரு தள்ளு தள்ளிவிட்டு "ஓகே" போடுகிற இன்னொரு ஜாதி இருக்கிறது. அவரோடு ஒப்பிட்டால் நம்மவர் மகான். குறை அவர் கண்ணில் இல்லை, கேட்கும் கேள்வியில்தான். எத்தனை வரி மாறியது என்று கேட்கிறவர், எந்த விதி மாறியது என்று கேட்கப் பழகவேண்டும். உங்கள் குழுவில் இப்படி ஒருவர் இருந்தால் கிண்டல் செய்து விரட்டிவிடாதீர்கள். அடுத்த முறை சர்வரின் ஓஎஸ் மாறும்போது, இண்டெக்ஸையெல்லாம் திரும்பக் கட்டினார்களா என்று எல்லோரையும் துளைத்தெடுக்கும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.