இந்தப் பிளாட்டினமும் பால் குடிக்குமா?

பதினெட்டாம் நூற்றாண்டில் தென் அமெரிக்காவைச் சுரண்டிக்கொண்டிருந்த ஸ்பானியர்களுக்குத் தீராத தலைவலி ஒன்று இருந்தது. இன்றைய கொலம்பியாவின் சோக்கோ பகுதியில் ஆற்று மணலை அரித்தால் தங்கத்தோடு சாம்பல் பூத்த ஓர் உலோகத் துணுக்கும் ஒட்டிக்கொண்டு வந்தது. உலையில் போட்டால் உருகவில்லை. துருத்திக்காரர் ஊதி ஊதி ஓய்ந்ததுதான் மிச்சம். உருகுவதற்கு அதற்கு 1,768 டிகிரி செல்சியஸ் வேண்டும். கையில் எடுத்தாலோ தங்கத்தின் கனம். கனம் ஒன்று போதாதா? தங்கத்தோடு இதைக் கலந்து தள்ளிவிட ஒரு கூட்டம் கிளம்பியது. அரசாங்கம் விழித்துக்கொண்டு, அரசாங்கங்களுக்கே உரிய மதிநுட்பத்தோடு முடிவெடுத்தது: அகப்பட்டதையெல்லாம் ஆற்றில் கொட்டுங்கள். கொட்டினார்கள். நகைக்கடையில் தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, விலைச் சீட்டைக் குப்புறக் கவிழ்த்துக் காட்டுகிறார்களே, அந்தப் பிளாட்டினம்தான் அது.

பின்னாளில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் அதைக் கழுவித் துடைத்துப் பார்த்து அசந்துபோனார்கள். துருப்பிடிக்கவில்லை. சாதாரண அமிலங்களைச் சட்டை செய்யவில்லை. ராஜ திராவகத்துக்கு மட்டும் கொஞ்சம் தலைவணங்கியது. உலகத்திலேயே யோக்கியமான உலோகம் இதுதான் என்று தீர்மானித்து, பொறுப்பான உத்தியோகங்களை எல்லாம் அதன் தலையில் கட்டினார்கள். 1880களில் கேம்பிரிட்ஜில் ஹ்யூ கேலண்டர் பிளாட்டினக் கம்பியின் மின்தடையை வைத்து வெப்பநிலையை அளந்தார். இன்று ஆலைகளில் ‘பிடி ஹண்ட்ரட்’ என்று கூப்பிடுகிறார்களே, பூஜ்ய டிகிரியில் 100 ஓம் காட்டும் சென்சார், அது அந்த வம்சத்துப் பேரன். பிளாட்டினத்தோடு இரிடியம் சேர்த்து ஓர் உருளை செய்து, 1889-இல் ‘இனி இதுதான் கிலோகிராம்’ என்று பாரிஸ் பக்கத்தில் பூட்டிவைத்தார்கள். பூட்டிய அறைக்குள்ளும் அது சும்மா இருக்கவில்லை. நூறு வருஷம் கழித்து அதன் நகல்களோடு ஒப்பிட்டு நிறுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் வித்தியாசம். அது வேறு வழக்கு.

பிளாட்டினத்துக்கு மருத்துவ உத்தியோகம் வாங்கிக் கொடுத்தவர் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க். ரத்தத்தில் ஆக்சிஜனைக் கரைக்கும் கருவி ஒன்றைச் செய்து கட்டுரை அனுப்பினார். ‘ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்து காட்டவில்லையே’ என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். நாமாக இருந்தால் ஆசிரியரை நாலு வார்த்தை திட்டிவிட்டு அடுத்த பத்திரிகைக்குத் தபால்தலை ஒட்டியிருப்போம். கிளார்க் ரோஷக்காரர். பிளாட்டின எலெக்ட்ரோடின் முன்னால் மெல்லிய பிளாஸ்டிக் திரையைக் கட்டி, ரத்தம் தொடாமல் ஆக்சிஜன் மட்டும் உள்ளே வரும்படி செய்து, 1956-இல் ஆக்சிஜன் சென்சாரையே வெளியிட்டார். 1962-இல் அதன்மேல் ஒரு நொதியையும் ஏற்றி, குளுக்கோஸை அளக்க வழி சொன்னார். இன்று சர்க்கரை அளக்கும் கருவிகளின் மூதாதை ஒரு நிராகரிப்புக் கடிதம்.

இப்படி எங்கே போனாலும் பிளாட்டினத்துக்குக் கொடுத்த பதவி சாட்சி. பார்க்கலாம், பார்த்ததைச் சொல்லலாம். சண்டைக்குள் இறங்கக் கூடாது. சென்சார் செய்கிறவர்கள் ஒரு பொருளிடம் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். பிளாட்டினமும் பூனை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தது.

இந்த நற்சான்றிதழை அப்படியே நம்பியவர் பார்னெட் ரோசன்பெர்க். இயற்பியல் படித்தவர், 1960களின் தொடக்கத்தில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். உயிரணு இரண்டாகப் பிரியும்போது எடுத்த படங்களைப் பார்த்தார். நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் இழைகள் வளைந்து போயின. உயிரியல் படித்தவர்கள் அதைப் பார்த்து, பரீட்சையில் பாகம் குறித்து, மறந்துவிடுவார்கள். இயற்பியல்காரருக்கோ பள்ளிக்கூடத்தில் காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் தூவியது ஞாபகம் வந்துவிட்டது. அப்படியானால் உயிரணு பிரிவது மின்புலத்தின் சமாச்சாரமோ? வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு துறைக்காரர் அடுத்த துறைக்குள் எட்டிப்பார்த்துக் கேட்கும் கேள்விகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அபத்தம். இதையும் அந்தக் கணக்கில் எழுதியிருக்கலாம்.

கருவியைச் சோதித்துப் பார்க்க விலை மலிந்த ஆள் வேண்டும். நம் குடலில் வாடகை தராமல் குடியிருக்கும் ஈ. கோலை பாக்டீரியா அகப்பட்டது. அவை வளரும் தொட்டிக்கு உணவாகப் போன உப்புகளில் அம்மோனியம் குளோரைடும் ஒன்று. உள்ளே இரண்டு எலெக்ட்ரோடுகள். எதில் செய்தது? வேறெதில்? எதிலும் கலந்துகொள்ளாத மகானாயிற்றே.

ஸ்விட்சைப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சரிந்தது. நிறுத்தினால் மறுபடி ஏறியது. ஆய்வகத்தில் இருந்த லொரெட்டா வான் கேம்ப் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், குட்டிக் குட்டிக் கோல்களாக இருக்க வேண்டிய ஈ. கோலை, இடியாப்பம் பிழிந்து வைத்தாற்போல் நீண்டு கிடந்தது. சில இழைகள் வழக்கமான நீளத்தைப் போல 300 மடங்கு. சாகவில்லை, நன்றாகத் தின்று வளர்ந்திருக்கின்றன, இரண்டாகப் பிரிவதை மட்டும் மறந்துவிட்டன.

இந்த இடத்தில் ரோசன்பெர்க் துள்ளிக் குதித்து, ‘மின்புலம் உயிரணுப் பிரிவை நிறுத்துகிறது’ என்று அறிவித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஊகம் சொன்னபடியே நடந்திருக்கிறது. செய்தித்தாள்காரர்கள் மாலையோடு வந்திருப்பார்கள். ஓரிரு வருஷத்தில் வேறு யாராவது செய்துபார்த்து, வராமல் போய், மாலை வாடியிருக்கும். இதை ‘அதிர்ஷ்டக் கண்டுபிடிப்பு’ என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதிர்ஷ்டம் ஒரு சாயங்காலத்து வேலை. அதற்குப் பிறகு ரோசன்பெர்க் குழு சுமார் இரண்டு வருஷம், தனக்கு ரொம்பப் பிடித்த கொள்கையைத் தானே குறுக்கு விசாரணை செய்தது.

வெப்பமா? இல்லை. அமிலத்தன்மையா? இல்லை. மின்சாரம் பாய்ந்து முடிந்த கரைசலை மட்டும் எடுத்து, மின்சாரமே காணாத புதுப் பாக்டீரியாவுக்கு ஊற்றினார்கள். அதுவும் இடியாப்பம்! ஆக, ஸ்விட்சைப் போட்டவர் நிரபராதி. கரைசலில்தான் ஏதோ கலந்திருக்கிறது. யார் கலந்தது? எல்லோரும் மெல்லத் திரும்பி எலெக்ட்ரோடைப் பார்த்தார்கள். பிளாட்டினத்தின் மைண்ட் வாய்ஸ்: ‘நான் இல்லை சார், நான் ஓரமாகத்தான் நின்றேன்.’ பத்து லட்சத்துக்குச் சில பங்கு என்ற அளவில் பிளாட்டினம் கரைந்து, தொட்டியிலிருந்த குளோரைடோடும் அம்மோனியாவோடும் கைகோத்துக்கொண்டிருந்தது. 1965-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரைத் தலைப்பிலேயே குற்றவாளியின் பெயரைப் போட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறமும் ஒரு இழுபறி. அந்தச் சேர்மத்தைத் தாங்களே புதிதாகக் கலக்கிக் கொடுத்தால் பாக்டீரியா நீளவில்லை. மேஜைமேல் வெளிச்சத்தில் கிடந்து பழசான கரைசல் மட்டும் வேலை செய்தது. வெளிச்சம் பட்டு அணுக்கள் இடம் மாறி உட்கார்ந்த பிறகுதான் அதற்கு வீரியம். அதிலும் இரட்டையர் இருவர். ஒருவரிடம் இரண்டு குளோரினும் ஒரே பக்கம். இன்னொருவரிடம் எதிரெதிர்ப் பக்கம். முதலாமவர் உயிரணுப் பிரிவை நிறுத்துகிறார், இரண்டாமவர் தண்டம்.

முதலாமவரைப் பழைய புத்தகங்களில் தேடினால், இது ஏற்கெனவே பெயர் வைத்து அலமாரியில் ஏற்றிய சரக்கு! மிக்கேலே பெய்ரோனே என்ற இத்தாலியர் 1844-இலேயே செய்திருக்கிறார். பச்சை உப்பு ஒன்றைச் செய்யப்போய் மஞ்சள் உப்பு கிடைத்தது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பெய்ரோனே மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டு வேதியியலுக்கு ஓடிவந்தவர். கையில் மருந்து, பெட்டியில் பட்டம். இரண்டுக்கும் அறிமுகம் செய்துவைக்க ஆள் இல்லை. 1893-இல் ஆல்ஃபிரட் வெர்னர், இந்த இரட்டையர் ஏன் இரட்டையர் என்று அமைப்பை விளக்கி, 1913-இல் நோபலும் வாங்கினார். அவரும் அதை யாருக்கும் கொடுத்துப் பார்க்கவில்லை.

ரோசன்பெர்க்கின் அடுத்த கேள்வி நேரானது. பிரிவதை நிறுத்தத் தெரியாத வியாதி ஒன்று இருக்கிறதே, அதற்குக் கொடுத்தால்? 1968-இல் புற்றுக்கட்டி பதித்த எலிகளுக்கு ஊசி போட்டார்கள். பெரிய கட்டிகள் கரைந்தன, எலிகள் பிழைத்தன. 1969-இல் மறுபடி ‘நேச்சர்’. மருத்துவர்கள் அலறினார்கள். பாதரசம், ஈயம், ஆர்செனிக் என்று கன உலோகங்கள் என்றாலே விஷப் பட்டியல். இவரோ நரம்பில் ஏற்றச் சொல்கிறார்! அலறலில் நியாயமும் இருந்தது. முதலில் வாங்கிக்கொண்ட நோயாளிகளுக்குச் சிறுநீரகம் பழுதானது, காது மந்தமானது, வாந்தி எடுத்தே ஓய்ந்துபோனார்கள். மருந்தைக் குப்பையில் போடும் பேச்சு வந்தது. அதைக் காப்பாற்றியது நோபல் தரத்து வேதியியல் இல்லை, தண்ணீர். நரம்பு வழியாக ஏராளமாக உப்புநீரும், சிறுநீரைப் பெருக்க மானிட்டாலும் கொடுத்தால் சிறுநீரகம் தாங்குகிறது என்று நியூயார்க் மருத்துவர்கள் காட்டினார்கள். வாந்திக்கு நல்ல மாற்று வர 1990கள் வரை பொறுக்க வேண்டியிருந்தது.

1974-இல் இந்தியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற இளம் மருத்துவர், உடம்பெங்கும் பரவிய விதைப்பைப் புற்றுநோய்க்கு இதை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார். அதுவரை அந்த நிலையில் பத்தில் ஒருவர் தப்பினால் பெரிது. அதன் பிறகு பெரும்பாலோர் தப்பினார்கள். 1978 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதித்தது. பெயர், சிஸ்பிளாட்டின். 1996-இல் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் இந்தியானாவில் படுத்து எழுந்ததும் இதன் புண்ணியத்தில்தான். அவர் சைக்கிளில் ஏறி எடுத்துக்கொண்ட மற்ற மருந்துகளுக்குச் சிஸ்பிளாட்டின் பொறுப்பேற்காது.

சாட்சியாக வந்து அடிதடியில் இறங்கிய பிளாட்டினம், பழைய சென்சார் உத்தியோகத்தை முழுக்க விட்டுவிட்டதா என்றால், அதுவும் இல்லை. ரத்தத்தில் குளோரைடு அதிகம். அங்கே மருந்து தன் இரண்டு குளோரினையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாதுவாக மிதக்கிறது. உயிரணுவுக்குள் குளோரைடு வெகுவாகக் குறைவு. அதை உணர்ந்த மாத்திரத்தில் குளோரின் கழன்று, அந்த இடத்தில் தண்ணீர் ஒட்டி, பிளாட்டினம் டிஎன்ஏவில் பக்கத்துப் பக்கத்துக் குவானின்களைப் பிடித்து வளைத்துவிடுகிறது. வளைந்த ஏணியைப் பிரதி எடுக்க முடியாமல் உயிரணு தற்கொலைக்குப் போகிறது. உப்பை அளந்து பார்த்து வேலையைத் தொடங்கும் மருந்து! அதனால்தான் இதை உப்புநீரில் கலந்து ஏற்றுகிறார்கள். அலுமினியம் கலந்த ஊசி மட்டும் கிட்டே வரக் கூடாது. பட்டால் மருந்து கறுத்துப் படிந்துவிடும். எதிலும் கலந்துகொள்ளாத மகானுக்கு அலுமினியத்தோடு மட்டும் அப்படி என்ன பகை என்று கேட்டால் வேதியியல் ஆசிரியர்கள் உற்சாகமாகிவிடுவார்கள், கேட்காதீர்கள்.

பல்கலைக்கழகத்துக்குக் காப்புரிமையில் கோடிக்கணக்கான டாலர் வந்தது. ரோசன்பெர்க்குக்கு நோபல் வரவில்லை, 2009-இல் காலமானார்.

அவர் கைவிட்ட முதல் ஊகம் என்னவாயிற்று? இஸ்ரேலில் யோராம் பால்ட்டி அதைத் தூசி தட்டி எடுத்தார். நொடிக்கு லட்சக்கணக்கான முறை திசை மாறும் மின்புலம், பிரியும் உயிரணுக்களை நிஜமாகவே தடுமாறச் செய்கிறது என்று அவர் குழு 2004-இல் எழுதியது. 2011-இல், திரும்ப வந்த ஒரு வகை மூளைப் புற்றுநோய்க்கு அமெரிக்கா அந்தக் கருவியை அனுமதித்தது. அது எவ்வளவு பயன் என்று மருத்துவர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மழித்த தலையில் ஒட்டவேண்டிய அதன் எலெக்ட்ரோடுகளுக்கு முன்னால் பீங்கான் வில்லைகளைக் குறுக்கே வைத்திருக்கிறார்கள். இந்த முறை எந்த உலோகத்தையும் நம்பி உடம்பைத் தொட விடவில்லை.