பிடித்த விலங்கைச் சொல்லுங்கள், போன் போட்டால் போதும்

டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் கொலோசல் என்று ஒரு கம்பெனி. மதிப்பு ஆயிரம் கோடி டாலருக்கு மேல். 2025 ஏப்ரலில் அது செத்ததை உயிரோடு எழுப்பிவிட்டதாகத் தம்பட்டம் அடித்தது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க மண்ணிலிருந்து ஒழிந்துபோன டயர் ஓநாய் திரும்பி வந்துவிட்டதாம். ரோமுலஸ், ரீமஸ், கலீசி என மூன்று வெள்ளைக் குட்டிகள். கலீசி, டிவி சீரியல் ராணியின் பட்டப்பெயர். அந்த சீரியலின் இரும்புச் சிம்மாசனத்தில் குட்டிகளை உட்காரவைத்துப் படமும் எடுத்தார்கள். மூலக்கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இந்தக் கம்பெனியில் பணம் போட்டவர். டைம் இதழ் 'அழிந்தது' என்ற சொல்லை அடித்துவிட்டு, வெள்ளை ஓநாயை அட்டையில் ஏற்றியது.

சரி, சரக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

13,000 வருஷத்துப் பல் ஒன்று, 72,000 வருஷத்து மண்டையோடு ஒன்று. இவற்றிலிருந்து பழைய ஓநாயின் மரபணுத் தொகுப்பைப் படித்தெடுத்தார்கள். உண்மையிலேயே கெட்டிக்கார வேலை. அதை மறுப்பது அநியாயம். ஆனால் படித்ததோடு சரி, அந்த எலும்பிலிருந்து ஒரு செல்கூடக் குட்டிகளுக்குள் போகவில்லை. உயிரோடிருக்கும் சாம்பல் ஓநாயின் ரத்தத்திலிருந்து, ரத்தக்குழாய்ச் சுவராக வளரக்கூடிய செல்களைப் பிரித்தார்கள். கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் 14 மரபணுக்களில் 20 இடங்களைத் திருத்தினார்கள். அந்த உட்கருவை, உட்கரு நீக்கிய கருமுட்டைக்குள் வைத்து, உருவான கருவை வீட்டு நாயின் வயிற்றில் சுமக்கவிட்டு, சிசேரியன் செய்து எடுத்தார்கள். 1996இல் ஸ்காட்லாந்தில் டாலி என்ற ஆடு பிறந்த அதே குளோனிங் வழிதான். கூடுதலாகக் கொஞ்சம் கத்தரி வேலை.

டயர் ஓநாய்க்கும் சாம்பல் ஓநாய்க்கும் மரபணுவில் 99.5 சதவீதம் ஒற்றுமை என்கிறது கம்பெனி. இருக்கட்டும். ஓநாயின் மரபணுத் தொகுப்பில் சுமார் 240 கோடி எழுத்துகள். அதில் அரை சதவீதம் என்றால் 1 கோடியே 20 லட்சம் வித்தியாசம். இவர்கள் மாற்றியது இருபது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையில் பூனைக்காவது சொந்த ஆசை இருந்தது. இந்தக் குட்டிகளை யாரும் கேட்கவில்லை.

இன்னொரு கூத்து அந்த வெள்ளை முடி. டயர் ஓநாயின் நிற மரபணுவை அப்படியே சாம்பல் ஓநாய்க்குள் வைத்தால் செவிடும் குருடும் வரலாம் என்று தெரிந்தது. அதனால் வேறு மரபணுக்களில் கைவைத்து வெளுக்க வைத்தார்கள். ஆக, அட்டைப்படத்தில் ஊரே வாய்பிளந்து பார்த்த அந்த வெள்ளை, பழைய ஓநாயிடமிருந்து வந்ததே இல்லை.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு, இவை டயர் ஓநாய்களே அல்ல என்று சொல்லிவிட்டது. மே மாதம் கம்பெனியின் தலைமை விஞ்ஞானி பெத் ஷாப்பிரோவே, இவை 20 திருத்தம் செய்த சாம்பல் ஓநாய்கள்தான் என்றார். ஏப்ரலில் பறையறைந்து சொன்ன பொய்க்கு மே மாதத்தில் முணுமுணுப்பாக ஒரு திருத்தம்!

இதோடு நின்றிருந்தால் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். வனவிலங்குப் பாதுகாப்பைத் தன் துறையில் வைத்திருக்கும் அமெரிக்க அமைச்சர் டக் பர்கம் இந்த அறிவிப்பைக் கொண்டாடினார். உயிர்களைக் காப்பாற்றக் கட்டுப்பாடு தேவையில்லை, கண்டுபிடிப்பு போதும் என்றார். பிடித்த விலங்கைத் தேர்ந்தெடுத்து கொலோசலுக்கு போன் போடுங்கள் என்று தன் ஊழியர்களிடமும் சொன்னார். அதே ஏப்ரலில் அரசு ஒரு முன்மொழிவை வைத்தது: அழியும் நிலையில் உள்ள விலங்கின் வாழிடத்தை அழிப்பதும் அதற்குச் செய்யும் தீங்குதான் என்ற விதியை நீக்கிவிடலாம். 1995இல் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்ட விதி அது. காட்டை வெட்டு, சதுப்பைத் தூர்த்துவிடு. ஓநாயை நீ சுடவில்லை அல்லவா, அப்புறம் என்ன தீங்கு?

காட்டை அழித்துவிட்டு எங்கே விடுவதாம், போன் போட்டு வாங்கிய விலங்கை? மூன்று குட்டிகளுக்கு வாய்த்தது 2,000 ஏக்கர் வேலி, இடம் ரகசியம், வேளாவேளைக்குச் சாப்பாடு. வேட்டையாடக் கற்றுக்கொடுக்க ஒரு மூத்த ஓநாய் இல்லை. டயர் ஓநாய் தின்று வளர்ந்த அந்தக் காலத்துக் குதிரையும் இல்லை.

வட கரோலினாவில் சிவப்பு ஓநாய்கள் சுதந்திரமாகத் திரிவது மிகச் சிலதான். யாரும் கத்தரி வைக்காத, நிஜ ஓநாய்கள். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது கார் அடித்துச் சாகின்றன. அவற்றுக்கு வேண்டியது கிரிஸ்பர் அல்ல, சாலைக்கடியில் ஒரு வழி. ஆனால் சுரங்கப்பாதையை டைம் அட்டையில் போட முடியாதே, அமைச்சர் எதற்குத் திரும்பிப் பார்க்கப்போகிறார்?