ஓரியின் அம்பும் ஓசி யானையும்

கொல்லிமலையை வைத்து கேம் செய்யப் புறப்படுபவர் பகலில் வேறு வேலை பார்ப்பவர். நாமக்கல்லிலோ சேலத்திலோ பொறியியல் முடித்திருப்பார். இரவு வீடு அடங்கியபின் மடிக்கணினியைத் திறந்து மலை கட்ட உட்காருவார். கதைக்காக அவர் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. கொல்லியை ஆண்ட வல்வில் ஓரி இருக்கிறான். யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றைத் துளைத்துப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்த ஒற்றை அம்பை வன்பரணர் புறநானூற்றில் பாடிவைத்திருக்கிறார். ஒரே அடியில் ஐந்து என்றால் அது இன்றைய மொழியில் காம்போ. புள்ளிக் கணக்குகூடச் சங்க காலத்திலேயே தயார்.

தயாராக இல்லாதது படம். இங்கேதான் இந்த இனம் தன் முதல் பருவத்தை அடைகிறது: சேகரிப்புப் பருவம். கேம் எஞ்சினான யூனிட்டியின் அசெட் கடை, அதாவது ஆயத்தப் படங்களும் உருவங்களும் விற்கும் கடை, 2010இல் திறந்தது. நெதர்லாந்தின் கென்னி பல்லாயிரம் உருப்படிகளை உரிமை எதுவும் கோராமல் இலவசமாகத் தருகிறார். மிக்சாமோ தளத்தில் உருவங்களுக்கான நடையும் ஓட்டமும் காசில்லாமல் கிடைக்கும். பாதி விலைத் தள்ளுபடி வந்துவிட்டால் நம்மவர் விண்வெளிக் கப்பல் தொகுப்பையும் வாங்கிப் போடுவார். ஓரிக்கு எதற்கு விண்வெளிக் கப்பல் என்று கேட்கக்கூடாது, பிறகு உதவும்.

சேர்த்ததையெல்லாம் அடுக்கியதும் ஒரு மலை எழும்புகிறது. பலாவும் மிளகுக்கொடியும் இருக்கவேண்டிய சரிவில் பைன் மரங்கள். இலவச யானைக்கு ஆப்பிரிக்கக் காது. மானுக்குப் பனிநாட்டுக் கொம்பு. ஓரி இரும்புக் கவசத்துக்குள் வேர்த்துக்கொண்டு நிற்கிறான். நடக்கவிட்டாலோ, உலகத்து இலவச ஜாம்பிகளும் ரவுடிகளும் நடக்கும் அதே நடை. உடும்பு மட்டும் எந்தத் தொகுப்பிலும் அகப்படாததால் ஒரு டைனோசர் சுருக்கப்படுகிறது. சுருங்கிய டைனோசரை அம்பு அடையாளம் கண்டுகொள்வதில்லை. அது பாட்டுக்கு மலையைத் தாண்டிப் பறந்துபோக, கேம் உறைந்து நிற்கும். மலைமேல் சோளக்காடு ஊரிலிருந்து வந்த பெரியப்பா தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, “ஏண்டா தம்பி, நம்ம மலையில எப்படா பனி பேஞ்சது?” என்பார்.

அந்தக் கேள்வியோடு இரண்டாம் பருவம் தொடங்குகிறது. இனி ஒரு புல்கூட இரவல் இல்லை என்று சபதம். முப்பரிமாண உருவம் செய்யும் பிளெண்டரைத் திறந்து பலாப்பழத்தில் கை வைப்பார். முள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செதுக்கப்படும். முடிந்த பழம் லட்சக்கணக்கான முக்கோணங்களோடு மரத்தில் ஏறியதும் மடிக்கணினியின் விசிறி அலறும். அடுத்து ஆகாயகங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாசி. வாரக்கணக்கில் பாசி வரைந்துகொண்டிருக்கும்போதும் ஓரி அதே கவசத்தில்தான் நிற்கிறான்.

இந்த இனத்தின் தனி இலக்கணமே இதுதான்: யாரும் பார்க்காததைக் கையால் வரைவார், எல்லாரும் பார்ப்பதை இறக்கிக்கொள்வார். காரவள்ளியிலிருந்து மேலேறும் பாதைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவைக் கடையில் வாங்கி 69 முறை ஒட்டினால் குற்றமில்லை. வண்டியில் வருபவர் குமட்டலை அடக்குவதில் இருப்பார், கல்லின் அழகை எண்ணமாட்டார். கல், புல், பொத்தான், காலடிச் சத்தம் எல்லாம் இரவலாக இருக்கலாம். 2017இல் வெளிவந்த பப்ஜியிலேயே கடைச் சரக்கு உண்டு. அது தவறில்லை என்று அதைச் செய்தவர்களே மறுஆண்டு விளக்கமும் சொன்னார்கள். வாங்கிய தொகுப்பைப் பிரிக்காமல் அப்படியே பெயர் மாற்றி விற்பவர்களால்தான் கடைச் சரக்குக்குக் கெட்ட பெயர்.

சொந்தக் கை வேண்டிய இடமும் உண்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. அந்த இட்லியையும் புட்டையும் குழுவே வரைந்தது; அவை அந்த வீட்டுச் சமையலாகவே தெரிகின்றன. 2024இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. வெண்பாவின் அடுப்பங்கரையைத் தொகுப்பில் தேடியிருந்தால் ஒரு பீட்சா அடுப்பு கிடைத்திருக்கும்.

கொல்லிமலைக்காரரும் ஒருநாள், வேறு வழியில்லாமல், உடும்பைத் தானே வரைவார். கால் ஒன்று நீளும், வால் கோணும். ஆனாலும் விளையாடிப் பார்க்கும் நண்பர்கள் யானையையும் புலியையும் கண்டுகொள்ளாமல் அதனிடம்தான் நிற்பார்கள். அம்பும் கடைசியில் அங்கேதான் நிற்கும்.

மீதி வெளியீடு. ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஒரு கேமை ஏற்ற 100 டாலர். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால்தான் அது திரும்பும். இட்ச்.ஐஓவில் ஏற்றக் கட்டணமே இல்லை. நம்மவர் எப்போதும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பார். தேதியும் குறித்தாயிற்று: ஓரி விழா நடக்கும் ஆடி மாதம். எந்த ஆண்டு ஆடி என்று மட்டும் சொல்லமாட்டார்.