பாலைநில நடையில் குடும்ப நீர்ச்சுமை: ஓர் ஆராய்ச்சி

பாலைவனத்துக்குக் குடும்பத்தோடு உல்லாசப் பிரயாணம் போகிறவர்களின் தண்ணீரை யார் சுமப்பது என்னும் கேள்வியைப் பூகோள சாஸ்திரிகள் போதிய சிரத்தையோடு விசாரித்ததாகத் தெரியவில்லை. அவர்களுள் பலர் குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டே பாலைவனம் கண்டவர்கள் என்பது அதற்கு ஹேதுவாகலாம்.

நமது ஆராய்ச்சிக் களம், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1929இல் தேசிய நினைவுச் சின்னமாகவும் 1971இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட ஆர்ச்சஸ். அங்கே டெலிகேட் ஆர்ச் என்னும் கல்வளைவைக் கண்டு திரும்ப 4.8 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஏற்றம் 146 மீட்டர். இவ்வளவுதானா என்று எண்ணுவோர், வழிநெடுக நிழல் என்பதே இல்லை என்பதையும், வெறும் பாறைச் சரிவில் ஆங்காங்கே அடுக்கிவைத்த கற்களே பாதையைக் காட்டுகின்றன என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரேனும் எடுத்துச் செல்க என்பது பூங்காவினரின் அறிவுரை. ஆக, தாய் தந்தை மக்கள் இருவர் என நால்வருக்கு 8 லிட்டர். அதாவது 8 கிலோ.

‘அவரவர் நீர் அவரவர் தோளில்’ என்பது தாயின் சித்தாந்தம். வண்டி நிறுத்துமிடத்தில் இதை ஆட்சேபித்தவர் எவருமிலர். முதல் மேட்டில் இளைய குழந்தையின் புட்டியும், இரண்டாம் மேட்டில் மூத்ததன் புட்டியும் தந்தையின் பையை அடைகின்றன. உடனே அவர், பாரத்தைக் குறைக்கும் உபாயமாக, “குடி கண்ணா, இன்னும் கொஞ்சம் குடி” என்று உபசரிக்கலாகிறார். பை இளைக்கிறது, குழந்தை கனக்கிறது, சிறிது தொலைவில் அக்குழந்தையே தந்தையின் தோளேறிவிடுவதால், இறக்கிவைத்த நீர் முழுவதும் ஒரு குழந்தையையும் கூட்டிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்துசேர்கிறது. வறண்ட காற்றில் வியர்வை தோன்றுமுன்னே ஆவியாகிவிடுமாதலால் கொஞ்சம் குறையுமே என்று பூர்வபட்சிகள் வாதிப்பர். குறையும்தான், ஆனால் அது தோளில் இருப்பவருடைய வியர்வையன்று.

இனி, “இன்னும் எவ்வளவு தூரம்?” என்னும் வினா. தந்தை, “அந்தத் திருப்பம்தான்” என்கிறார். இது ஆப்தவாக்கியம், குழந்தைகளோ பிரத்தியட்சம் ஒன்றையே பிரமாணமாகக் கொண்ட கடும் உலகாயதர்கள். இயற்கையும் அவர்கள் கட்சியையே ஆதரிக்கிறது: பாறை விளிம்பை ஒட்டிய கடைசித் திருப்பம் தாண்டும்வரை, 14 மீட்டர் உயரத் திறப்புள்ள அவ்வளைவு கண்ணிலேயே படுவதில்லை.

பாதையின் தொடக்கத்தில் நிற்கும் மரக்குடிசையையும் இங்கே குறிப்பிடவேண்டும். உள்நாட்டுப் போரில் ஊழியம் புரிந்த ஜான் வெஸ்லி வுல்ஃப் என்பவர் 1898 முதல் தம் மகனோடு அங்கே எப்படியோ காலந்தள்ளிவந்தார். 1906இல் மகள் தன் குடும்பத்தோடு வந்தாள். மரத்தளமிட்ட புதுக்குடிசை எழுந்தது. பாலைவனத்தில் நிர்வாகம் யாரிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

திரும்பும் வழியில் 8 லிட்டரும் தீர்ந்து, தந்தை நாவறண்டு நிற்கும் வேளையில், ஏறும்போது எந்தக் கணக்கிலும் வராத ஒன்பதாவது லிட்டர் தாயின் பையிலிருந்து வெளிப்படுகிறது. அதை முன்னமே ஏன் சொல்லவில்லை என்று வினவிய தந்தை ஒருவரும் நமது ஆராய்ச்சியில் அகப்படவில்லை. வாங்கிக் குடித்தவர்களே அகப்பட்டார்கள்.