துண்டு போட்ட சீட்

நேற்றுக் காலை முப்பத்தெட்டாவது நிமிடத்தில் என் இடது கால் என்னை விட்டுப் பிரிந்தது. வலித்திருந்தால்கூடப் பரவாயில்லை, கால் இருக்கிறது என்ற நம்பிக்கையாவது மிஞ்சும். இது மரத்துப்போதல். ரோயிங் மெஷினின் வாரில் ஒரு பாதம் மாட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. யாருடையது என்றுதான் தெரியவில்லை. அறுபது நிமிடத்துக்கு உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து, எழுந்துவிட்டதாக நினைத்து, துணி காயும் ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனைக்கும் ஆயிரத்து இருநூறு ரூபாய் ஜெல் குஷன் அதற்கு முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தது.

உங்களுக்கும் முப்பத்தெட்டுதானா?

ரோயிங் மெஷினை வாங்கி, பத்து நிமிடம் இழுத்துவிட்டு, மூன்றாம் வாரம் அதன் மேல் போர்வை காயப்போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நாம் வேறு ரகம். இருபது நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று நமக்குத் தோன்றாது. இன்னொரு குஷன் வாங்கலாமே என்றுதான் தோன்றும். ஆகவே எட்டு மாதம் பாடுபட்டு, நெடுநேரம் உட்கார எது உகந்தது என்று கண்டதை இந்தக் கட்டுரையிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

நிமிடத்துக்கு 22 இழுப்பு. ஒரு மணி நேரத்துக்கு 1320. ஒவ்வொரு இழுப்புக்கும் சீட் முன்னே அறுபது சென்டிமீட்டர், பின்னே அறுபது சென்டிமீட்டர். மானிட்டர் 12,000 மீட்டர் என்று பெருமையாகக் காட்டும்போது, என் உட்காரும் பகுதி மட்டும் தனியாக ஒன்றரைக் கிலோமீட்டர் பயணம் செய்து முடித்திருக்கிறது. (பிருஷ்டம் என்றால் மரியாதையாக இருக்கிறது, தமிழில் சொன்னால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.) பஸ்ஸில் மதுரை போகிறவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறான், பஸ்தான் போகிறது. இங்கே வீடு அப்படியே இருக்க, சீட் மட்டும் போய்ப் போய் வருகிறது.

இந்த உருளும் சீட்டைக் கண்டுபிடித்தவர்கள் மேல் கோபம் வந்தாலும், அதற்கு முந்தைய நிலவரத்தைப் படித்தால் அடங்கிவிடும். இங்கிலாந்தில் அப்போது அசையாத பலகைதான். துடுப்பு போடுகிறவர்கள் தோல் கால்சட்டைக்குக் கொழுப்பைத் தடவிக்கொண்டு பலகை மேலேயே வழுக்கி வழுக்கிப் போவார்களாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டு அணிகளுமே உருளும் சீட்டோடு மோதியது 1873-இல்தான். கேம்பிரிட்ஜ் ஜெயித்தது. சீட் சௌகரியமாக இருந்ததா என்று ஒருவரும் கேட்டு வைக்கவில்லை. 1981-இல் அமெரிக்காவின் வெர்மாண்டில் டிரைசிகாக்கர் சகோதரர்கள் சைக்கிள் சக்கரத்தை வைத்து ரோயிங் மெஷின் செய்து விற்க ஆரம்பித்தார்கள். சைக்கிளிலிருந்து சக்கரத்தோடு நிறுத்திக்கொண்டு சீட்டை எடுக்காமல் விட்டதற்கு அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

ஒலிம்பிக் வீரர்கள் உட்காரவில்லையா என்று கேட்கிற ஆள் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. எங்கள் வீட்டில் அது என் மைத்துனர். அவர்கள் பந்தயம் 2000 மீட்டர், ஐயா. எட்டுப் பேர் படகில் ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆறு நிமிடம் நான் அம்மிக்கல் மேல்கூட உட்காருவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நான் போட்டது துண்டு.

வேறு எதைப் போடுவேன்? தமிழனுக்கும் சீட்டுக்கும் நடுவில் எப்போதும் ஒரு துண்டு உண்டு. பஸ் நிலையத்தில் வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடித்தவர்கள் நாம். துண்டு இல்லாதவன் குடையைப் போட்டான், குடை இல்லாதவன் குழந்தையைப் போட்டான். முண்டியடித்து ஏறி முதலில் உட்கார்ந்தவனிடம் போய் "சார், துண்டு போட்டிருக்கேன்" என்றால், அவனும் முனகிக்கொண்டே எழுந்துவிடுவான். பத்திரப்பதிவுக்குக்கூட அந்த மதிப்பு இல்லை. அரசு அலுவலகத்துக்குப் போங்கள். நாற்காலி முதுகில் வெள்ளை டர்க்கி டவல் இருந்தால் அதிகாரி, இல்லாவிட்டால் நம்மைப் போல யாரோ. அதிகாரி இல்லாத நேரத்தில் டவல் இருக்கும். அதற்கும் நாம் கொஞ்சம் குரல் தாழ்த்தித்தான் பேசுவோம். பட்ஜெட்டில் பணம் பற்றாவிட்டால் துண்டு விழுகிறது. கடன் கழுத்தை நெரித்தால் தலையில் துண்டு. தப்பித்து ஓடினால் துண்டைக் காணோம் துணியைக் காணோம். தோளில் துண்டு போட்டுக்கொள்வதற்கே ஒரு காலத்தில் சண்டை போட வேண்டியிருந்த ஊர் இது. அது சிரிக்கிற விஷயம் இல்லை, விட்டுவிடுகிறேன். கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துகிறவர்கள் இப்போதெல்லாம் கைக்குட்டையைப் போடுகிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. கைக்குட்டைக்கு ஒரு கௌரவம் இல்லை. காற்றடித்தால் பக்கத்து இலைக்குப் போய்விடுகிறது. துண்டென்றால் ஈரிழைத் துண்டாக இருக்க வேண்டும், ஓரத்தில் சிவப்புக் கரை இருக்க வேண்டும், போட்டால் போட்ட இடத்தில் கிடக்க வேண்டும்.

எங்கே விட்டேன்? ஆம், போட்ட இடத்தில் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. நாலாவது நிமிடம் துண்டின் நுனி சீட்டுக்குக் கீழே உருளையில் சிக்கி, சீட் நடுத் தண்டவாளத்தில் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

பிறகு யோகா மேட்டை வெட்டி நாலாக மடித்து வைத்தேன். பிறகு இலவம்பஞ்சு. போடிப் பக்கத்து அசல் பஞ்சு, மெத்தைக்கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்தது. ஒரே வாரத்தில் அப்பளம். பிறகு சீட்டையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பைக் சீட் தைக்கிறவரிடம் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த வண்டி சார் இது?"

"வண்டி இல்லைங்க. வீட்டுல உட்கார்ந்து துடுப்பு போடறது."

கொஞ்ச நேரம் யோசித்தார். "பின்னாடி யாரும் உட்கார மாட்டாங்கல்ல?"

இரண்டு அங்குல ஃபோம், கறுப்பு ரெக்ஸின், ஓரத்தில் சிவப்பு நூல். பார்க்க அம்சமாக இருந்தது. உட்கார்ந்தால் ஆள் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டேன், பாதம் வைக்கிற தட்டு பாதாளத்துக்குப் போய்விட்டது, கைப்பிடி முழங்காலில் இடிக்கிறது. மெத்தென்று இருந்தால் சுகம் என்பது சோபா விற்கிறவர்கள் கிளப்பிவிட்ட கதை. உட்காரும்போது நம் பாரத்தைத் தாங்குவது இடுப்புக்கு அடியில் இருக்கிற இரண்டு எலும்பு முனைகள். அடியில் கெட்டியாக ஏதாவது இருந்தால்தான் அவை தாங்கும். ஃபோம் அமுங்கினால் சதையும் நரம்பும் வால் எலும்பும் சேர்ந்து கீழே இறங்கிவிடுகின்றன. ஜெல்லும் அதே கதைதான், விலைதான் வேறு. மெஷினோடு வந்த பிளாஸ்டிக் சீட்டில் அந்த எலும்புகளுக்கு இரண்டு குழியும் வால் எலும்புக்கு ஒரு வெட்டும் முதலிலிருந்தே இருக்கின்றன. என் எலும்புகள்தான் அந்தக் குழிகளைத் தேடிக்கொண்டிருக்கின்றன.

அடையாற்றங்கரையில் 1867-இல் தொடங்கிய படகு கிளப் இருக்கிறது. அங்கே நிஜத் தண்ணீரில் நிஜப் படகு. என் படகு இரண்டாவது மாடியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், எட்டு மாதமாக ஓர் அடி நகரவில்லை. வாசனை ஒன்றில் மட்டும் நான் கிளப்காரர்களைவிடக் கொடுத்து வைத்தவன்.

ஆறாவதாக வந்தது வளையம். நடுவில் ஓட்டை போட்ட குஷன், மூலக்காரர்களுக்காகச் செய்தது. மருந்துக் கடையில் அதைக் கேட்டு வாங்கும்போது, இது துடுப்பு போட என்று விளக்க ஆரம்பித்து, கடைக்காரர் முகத்தில் தெரிந்த பரிவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். பொட்டலத்தைப் பழுப்பு நிறக் காகிதத்தில் இரண்டு சுற்று சுற்றிக் கொடுத்தார்.

எது உகந்தது என்று சொல்வதாகச் சொல்லியிருந்தேன். நேற்று ஜெல் கைவிட்ட பிறகு, இன்று காலை வளையத்தை முயன்று பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன். வைத்த இடத்தில் அது இல்லை. தேடிக்கொண்டு சமையலறைக்குப் போனால், கோடைக்கு வாங்கிய மண்பானை அதன் மேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது.

"என்னம்மா இது?"

"ஒரு புரிமணை வாங்கிட்டு வாடான்னு ஒரு மாசமா கத்திட்டிருக்கேன். கடைசியில வாங்கினியே, அதைச் சொல்ல மாட்டியா? துணியில செஞ்சிருக்கான், நல்லா கெட்டியா இருக்கு. பானை ஆடவே மாட்டேங்குது பாரு."

பார்த்தேன். ஆடவில்லை.